மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

அத்தியாயம் 14

பஸ் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் டீச்சர் கைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து சீட்டில் இருந்த அண்ணி அதைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள் திசைகாட்டியோடு வருவாள் என்று ஏன் தோன்றாமல் போயிற்று என்று தன்னையே நொந்துகொண்டாள்.

போன வாரம் முழுக்க இந்தப் பயணத்தைத் தட்டிக்கழிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூட்டுவலி என்றாள், டீச்சர் தைலம் வாங்கி வந்தாள். வீட்டைப் பூட்டிப்போட முடியாது என்றாள். சாவி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் தலை சுற்றும் என்றாள். டிப்போவில் முப்பது வருஷமாக மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், முன் சீட்டில் உட்கார்ந்தால் சுற்றாது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். தங்கை கேட்டு அவர் எதைத்தான் மறுத்திருக்கிறார்?

அவள் டீச்சருக்கு மட்டும் அண்ணியல்ல. தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோருக்குமே அண்ணிதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

போகிற ஊர், மாடிவீட்டம்மாவின் ஊர். ஒன்பது நாவல் எழுதிய அந்த எழுத்தாளரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்பதும் அந்த ஒரே ஊரின் தெருக்களில் நடப்பவை. அவர் இறந்து நாலு வருஷமாகிறது. ஞாயிறுதோறும் வாசகர்களை அழைத்துக்கொண்டு போய், நாவல்களில் வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். டீச்சர் மூன்று மாதம் முன்பே மூன்று பேருக்கும் இடம் பிடித்துவைத்திருந்தாள்.

அண்ணியின் பயம் எதனால் என்று, தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால், முப்பத்திரண்டு வருஷம் முன்பு, அவள் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. பிழை நிச்சயம் என்றால் சிவப்பு மை. சந்தேகம் என்றால் பென்சில். பென்சிலில் எழுதியதை எழுத்தாளரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

அப்போது மாடிவீட்டம்மாவின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது வாரம், கதாநாயகி விட்டுப்போன கணவனுக்காக இரவெல்லாம் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறாள். சூரியன் எழுகிறது. அவள் சொல்கிறாள்: ‘இன்றைக்கும் வரவில்லை. சரி, விளக்கை அணைப்போம்.’

அண்ணிக்கு ஞாபகசக்தி அதிகம். மூன்றாவது வாரத்தில் அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது என்று படித்திருந்தாள். மேற்கு ஜன்னலில் சூரியன் எப்படி எழும்? ‘இரவெல்லாம்’ என்பதைப் ‘பகலெல்லாம்’ ஆக்கி, நாலு இடத்தில் விடியலைப் பென்சிலால் அந்தியாக்கினாள். அந்தியானால் விளக்கை அணைக்க முடியாதல்லவா? ‘அணைப்போம்’ என்பதை அடித்து, மேலே ‘ஏற்றுவோம்’ என்று எழுதினாள். கேட்பதற்காகத்தான் எழுதினாள். மூன்று தடவை போன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. மெஷின் காத்திருக்கிறது என்று அச்சகத்து ஃபோர்மேன் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அச்சுக் கோப்பவருக்கு மையும் ஒன்றுதான், பென்சிலும் ஒன்றுதான்.

இதழ் வந்த மறுநாளே வேறொரு பத்திரிகையில் மாடிவீட்டம்மாவின் பேட்டி. படத்தில் எழுதும் மேஜை, மேலே காலை வெயில், கீழே ‘தினமும் விடியலில் தன் கிழக்கு ஜன்னலருகே’ என்று இரண்டு வரி. அந்தம்மா கைதவறி மேற்கு என்று எழுதியது மூன்றாவது வாரத்தில். சரியாக இருந்ததைப் போய் இவள் திருத்தியிருக்கிறாள்.

போன் மணி அடிக்கும்போதெல்லாம் நடுங்கினாள். மூன்று வாரம் கழித்துக் கல்யாணத்தைச் சாக்காகச் சொல்லி வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அந்த எழுத்தாளரின் ஒரு புத்தகத்தையும் அவள் திறந்ததில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினெட்டு வருஷம் முன்பு டீச்சரின் கணவன் ஒரு சீட்டுகூட எழுதிவைக்காமல் போய்விட்டான். டீச்சர் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். இருபத்திரண்டாம் நாள் காலையில் எழுந்து பெட்டியைத் திறந்தாள். கல்லூரி நாட்களில் கத்தரித்துவைத்த ஒரு பத்திரிகைப் பக்கத்தை எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். குளித்தாள், பள்ளிக்கூடம் போனாள். ‘இன்றைக்கும் வரவில்லை. சரி, விளக்கை ஏற்றுவோம்.’

காபி கொண்டுபோன அண்ணி அதைப் படித்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைத் தூக்கி நிறுத்தியது இந்த ஒரு வரிதான் என்று டீச்சர் இன்றுவரை கேட்பவரிடமெல்லாம் சொல்கிறாள். அது ஒரு புரூஃப் பெண் அரைமணி நேர அவசரத்தில் செய்த தப்பு என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்? அந்தம்மா எழுதிய மாடியறையில் டீச்சர் திசைகாட்டியை வைத்தால் ஜன்னல் கிழக்கே பார்ப்பது தெரிந்துவிடும். அண்ணியின் பயம் இதுதான்.

*

நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். விரல்களெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தன. வாரத்தில் ஆறு நாள் கொத்தனார், ஏழாவது நாள் இந்த வேலை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“புத்தகம் நான் படிச்சதில்லீங்க. இந்த ஊர்ச் செவுரெல்லாம் படிச்சிருக்கேன். அதனால எதைக் கேட்டாலும் செவுத்தைப் பத்தியே கேளுங்க” என்றார்.

மெக்கானிக்குக் கொத்தனாரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. நாவல் என்றால் காத தூரம் ஓடும் அவர், பை தூக்கத்தான் வந்திருந்தார்.

முதலில் கடிகாரக் கடை. நாவலில், ரிப்பேருக்கு வந்து யாரும் வாங்கிப் போகாத பதினொரு சுவர்க் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் அது நின்ற நேரத்தையே காட்டிக்கொண்டு தொங்கும். அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று. மூன்றாவதாக இருந்ததில் நிமிட முள் இல்லை. ஆமாம், ‘மூன்றாவதற்கு நிமிடமே கிடையாது’ என்று ஒரு வரி உண்டு. அதை அவள் பென்சில் முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்திருக்கிறாள்.

மற்றவர்கள் இந்த ஊரைக் கதையாகப் படித்தவர்கள். அவளோ ஈர மை நாறும் நீளத் தாள்களில், யாருக்கும் முன்னால் படித்தவள். தாளில் பார்த்ததெல்லாம் இங்கே கல்லும் கதவுமாக நின்றுகொண்டிருந்தது. பயத்தை மறந்து, உள்ளே போய் அந்தக் கடிகாரத்தின் மரச்சட்டத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு வந்தாள்.

“வாசல் வடக்கு. புத்தகத்துலயும் வடக்கு. அச்சுப் பிசகல அண்ணி” என்றாள் டீச்சர், திசைகாட்டியை மூடியபடி. அண்ணிக்கு மறந்த பயம் திரும்பி வந்தது.

அடுத்து படிக்கட்டுச் சந்து. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர், நடுவில் செங்குத்தாக நாற்பத்தோரு படி. கதாநாயகி எப்போதும் இருபத்தாறாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அதென்ன கணக்காக இருபத்தாறு, பாதியில் என்றால் இருபதல்லவா என்று அண்ணி அந்தக் காலத்தில் பென்சிலில் ஒரு சந்தேகம் எழுதி அனுப்பியிருந்தாள். ஓரத்தில் மூன்றே சொல்லில் பதில் வந்தது. ‘உட்கார்ந்து பார்க்கவும்.’

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, மூட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி, எண்ணி, இருபத்தாறில் உட்கார்ந்து பார்த்தாள்.

இரண்டு கூரைகளுக்கு நடுவில் ஒரு கையகல இடைவெளி. அதில் ஒரே ஒரு மாடிச் சுவர் தெரிந்தது. அதுதான் அந்தம்மாவின் வீடு என்றார் கொத்தனார். ஒரு படி கீழே இறங்கினாள், மறைந்துவிட்டது. ஒரு படி மேலே போனாள், அப்போதும் இல்லை. அந்தம்மா தன் வீடு தெரியும் படியைத் தேடி எண்ணிவைத்திருக்கிறார். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்டவருடைய வரியையா தொட்டோம் என்று கூசியது.

டீச்சரும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். அங்கே ஜன்னலே இல்லை. ஜன்னல் அளவுக்கு வேறு நிறப் பூச்சில் ஒரு சதுரம்தான் இருந்தது.

“வீடு நமக்கு மேற்கால இருக்கு. அப்படின்னா தெரியறது கிழக்குச் செவுரு” என்று திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கிழக்குல எதுக்கு ஜன்னல் இருந்துச்சு? அதை ஏன் அடைச்சாங்க?”

கொத்தனாரிடம் கேட்டதற்கு, மேலே வாருங்கள், அங்கே வைத்துச் சொல்கிறேன் என்று அவர் ஏறிப் போய்விட்டார்.

அண்ணி டீச்சரின் முழங்கையைப் பிடித்தாள். அறைக்குள் போகுமுன் தன் வாயால் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். பின்னால் மெக்கானிக் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, நாற்பத்தோரு படி ஏறுவதற்கு ஒரு பஸ் விட்டிருக்கலாம் என்று குறைப்பட்டார். டீச்சர் சிரித்தபடி எழுந்து போய்விட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அண்ணியும் பின்னால் ஏறினாள்.

*

மாடியறைக்குள் அவர்கள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மேஜை விளக்கு, சுவரோரம் புத்தகங்கள். மேஜைக்கு நேரே அகலமான ஜன்னல். அதன் வழியே சூரியன் முழுதாக உள்ளே வந்து தரையில் கிடந்தது. கூட வந்த மற்ற வாசகர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

டீச்சரின் உள்ளங்கையில் முள் ஆடி ஆடி நின்றது. “மேற்கு” என்று அவள் மெல்லச் சொன்னாள்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். மேற்குதான். பேட்டியின் படத்தில் இருந்த ஜன்னல் இதுவல்ல. எதிர்ச்சுவரில், படிக்கட்டிலிருந்து பார்த்த அதே சதுரம் உள்பக்கமும் தெரிந்தது.

கொத்தனார் ஜன்னல் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். “இது என் கை வேலைங்க. முப்பத்திரண்டு வருஷமாச்சு. ஒருநாள் கூப்பிட்டு, கிழக்கு ஜன்னலை அடைச்சிட்டு மேற்குச் செவுத்தை உடைன்னாங்க. நல்ல செவுரும்மா, எதுக்கு உடைக்கணும்னேன். ‘என் கதையில ஒருத்தி அந்தி நேரத்துல விளக்கேத்திட்டாப்பா. அவ எதைப் பாத்துட்டு ஏத்தினான்னு நான் உட்காந்து பாக்க வேண்டாமா’ன்னாங்க. பைத்தியம்னு நெனச்சேன். ரெண்டே நாள்ல உடைச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவங்க காலைல எழுதினதே இல்ல. எல்லாம் இந்த வெளிச்சத்துலதான்.”

இன்னும் நாலு வாரத்தில் முடிவதாக இருந்த கதை அதற்குப் பிறகு நாற்பது வாரம் ஓடியதாம். அதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

திட்டு வரும் என்று அண்ணி போன் மணிக்கு நடுங்கிக்கொண்டிருந்த அதே வாரம், இங்கே ஒருவர் அவள் பென்சிலுக்காகச் சுவரை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று மலைத்துப்போய் நின்றாள்.

டீச்சர் அதற்குள் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தின் அருகே போய்விட்டாள். உள்ளே பழுப்பேறிய புரூஃப் தாள். அச்சான பிறகு புரூஃபை எழுத்தாளருக்கே அனுப்பிவிடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். நாலு இடத்தில் விடியல் அடிபட்டிருந்தது. கடைசி வரியில் ‘அணைப்போம்’ மேல் இரண்டு சின்னக் கோடு, அதற்கு மேலே பென்சிலில் ‘ஏற்றுவோம்’. படித்து முடித்த ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பென்சில் புள்ளி.

கீழே வேறொரு கையெழுத்து: ‘இவள் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இந்தப் பென்சில் யாருடையது?’

பக்கத்திலேயே பத்திரிகையின் பதில்: ‘அந்த ஊழியர் திருமணமாகிப் போய்விட்டார். முகவரி இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’

டீச்சர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். பதினெட்டு வருஷமாக அவளுடைய கேள்வித்தாள் ஒன்றுகூடச் சாப்பாட்டு மேஜையில் அண்ணியின் பென்சிலுக்குத் தப்பிப் போனதில்லை. வரிக்கு வரி ஓரத்தில் புள்ளி வைக்கும் கையை அவளுக்கு அடையாளம் சொல்லவா வேண்டும்?

அவள் திரும்பவில்லை. “அவங்க அணைப்போம்னுதான் எழுதியிருக்காங்க.”

“ஆமா” என்றாள் அண்ணி.

“தினம் அந்த அலமாரியத் திறந்து மூடறேன். நீங்க பக்கத்துலயே இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன். நான் தெரியாம செஞ்ச தப்பு அது. நீ அதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டே. அப்புறம் எந்த வாயால சொல்ல?”

டீச்சர் ஜன்னலுக்குப் போனாள். மற்றவர்கள் மெல்ல ஒவ்வொருவராக வெளித் தாழ்வாரத்துக்கு நகர்ந்தார்கள். மெக்கானிக் தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

திரும்பியபோது டீச்சரின் முகம் நனைந்திருந்தது.

“இருபத்திரண்டு நாளும் மூணு வேளை சாப்பாட்டை எடுத்துட்டு வந்து, நான் தொடாததை எடுத்துட்டுப் போனது நீங்க. ஒருநாளும் எழுந்திருன்னு சொல்லல. திரையை மட்டும் விலக்கி விட்டுட்டுப் போவீங்க. அப்பவும் என்னை எழுப்பின பேரை நான் அந்த வரிக்குத்தான் குடுத்தேன்” என்றாள். “ரெண்டும் ஒரே கைதானா அண்ணி?”

டீச்சர் வந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்துப் பாரம் அந்த ஒரு நிமிடத்தில் எப்படி இறங்கிற்று என்று அண்ணிக்கே தெரியவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு கொத்தனார் முன்னால் வந்தார். “மன்னிச்சுக்குங்க. நாலு வருஷத்துல ஆறு பேர் வந்து, அது என் கையெழுத்துதான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பொறுப்பு இருக்கு. ஏதாவது அத்தாட்சி வேணும்.”

மெக்கானிக் இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாகத் தன்னால் ஆகக்கூடிய காரியம் ஒன்று வந்ததாக உணர்ந்தார். சட்டைப் பையில் கைவிட்டு நாலாக மடித்த காகிதத்தை நீட்டினார். திரும்பும்போது வாங்கிவர வேண்டிய சாமான் சீட்டு. பென்சிலில் எழுதியது. உப்பு, சோப்பு, தீப்பெட்டி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புள்ளி. ‘சர்க்கரை’ மேல் இரண்டு சின்னக் கோடு போட்டு, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அடிக்கப்பட்டிருந்தது.

கொத்தனார் அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு வைத்து, செங்கல் வரிசை பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவியால் மேஜை இழுப்பறையைத் திறந்தார். நூலால் கட்டிய கையெழுத்துத் தாள்கள் இருந்தன. பத்தாவது நாவல். இதுவரை யாரும் பார்க்காதது. மேலே ஒரு துண்டுத் தாள்.

‘கடைசிப் பக்கத்தில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்தப் பென்சில் எப்போதாவது வந்தால் கொடுக்கவும். அதுவரை அச்சுக்குப் போக வேண்டாம்.’

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தம்மாவின் நாற்காலியில் தான் உட்காருவதா என்று ஒரு கணம் எழுந்திருக்கப் போனாள்; டீச்சர் தோளில் கை வைத்து அமர்த்தினாள். அண்ணி தன் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். அது இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்தபோது சூரியன் கீழே போய்விட்டது. தாளில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

“வெளிச்சம் பத்தல” என்றாள் அண்ணி.

டீச்சர் மேஜை விளக்கை ஏற்றினாள்.

அண்ணி படித்தாள். முதல் வரி முடிந்து ஓரத்தில் ஒரு புள்ளி. இரண்டாவது வரி, ஒரு புள்ளி. மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

ஏழாவது வரியில் ஒரு சொல்லின் மேல் பென்சில் நின்றது.